முப்பத்தாறரை

எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அக்காவின் கட்டில் காலடியில் தொங்கிய ஃபைலை எடுத்தாள். நடுவில் அந்தத் தாள் வந்து மாட்டியது. ஆபரேஷன் நடக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை நோயாளியின் உடம்புச் சூட்டை அளந்து எழுதுகிற தாள். ஏழு கட்டங்கள். ஏழிலும் ஒரே எண், செல்சியஸ் கணக்கில். முப்பத்தாறரை, முப்பத்தாறரை, முப்பத்தாறரை. ஒரே பேனா, ஒரே சாய்வு. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள் என்று முதல் பார்வையிலேயே தெரிந்தது. அவளுக்குக் காதோரம் சுரீரென்று சூடேறியது.

உயிரோடிருக்கிற எந்த மனுஷிக்கும் அப்படி இருக்காது. மயக்க மருந்து உள்ளே போன நிமிஷமே உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வேலையை நிறுத்திவிடும். மேலே ஏசிக் காற்று, நரம்பு வழியாகச் சில்லென்று சலைன், வயிறு வேறு திறந்து கிடக்கிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி சறுக்கும். முப்பத்தாறுக்குக் கீழே போனால் ரத்தம் சரியாக உறையாது, புண் ஆறாது, நோயாளி கண் விழிக்கும்போதே வெடவெடத்துக்கொண்டு விழிப்பாள். அதனால்தான் விதி இருக்கிறது. முப்பத்தாறு இல்லையென்றால் உள்ளே கொண்டுபோகாதே, வெதுவெதுப்பான காற்றுப் போர்வை போடு, சலைனைச் சூடாக்கி ஏற்று, அரை மணிக்கு ஒரு தடவை அள. இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பு சிஸ்டரே அவள்தான். விதிகளைப் பெரிய எழுத்தில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கை கழுவும் இடத்துக்கு எதிரில் ஒட்டியவளும் அவள்தான். முதுகுக்குப் பின்னால் அவளைச் சட்டாம்பிள்ளை என்று கூப்பிடுகிறார்கள். தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சாதாரண ஆபரேஷன், வாரத்துக்கு நாலு நடக்கிறது. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்தே தையலோரம் ரத்தம் கசிந்தது. கட்டு மாற்ற மாற்ற நனைந்தது. புதன்கிழமை ரத்தம் ஏற்றினார்கள். இன்று வியாழன் காலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தையலுக்கு உள்ளே கைப்பிடி அளவு ரத்தம் கட்டி நிற்கிறது, பதினோரு மணிக்கு மறுபடி திறந்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் பெரிய டாக்டரம்மா. சில பேருக்கு இப்படி ஆகும் சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா என்றார். ஆமாம் மேடம் என்று இவளும் தலையாட்டினாள். சில பேருக்கு ஆகும்தான். ஆனால் அக்காவுக்கு ஏன் ஆனது என்று இப்போது ஏழு கட்டங்கள் கையிலிருந்து பல்லிளித்தன.

அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள், இப்போது முகம் வெளிறிப்போய், உதடு காய்ந்து, தலையணையில் பாதி அளவுக்குச் சுருங்கியிருந்தாள். இவள் குனிந்து, அன்னிக்கு முழிச்சப்ப எப்படிக்கா இருந்தது என்று கேட்டாள்.

"ஏண்டி இப்ப கேக்கற? பல்லு தந்தியடிச்சுது. கட்டிலே ஆடுச்சு. வயித்துல தையல் போட்டிருக்கு, அதோட கிடந்து உதறினா எப்படி இருக்கும்னு நினைக்கற? குளிருது குளிருதுன்னு கத்தறேன், ஒருத்தி வந்து போர்வை மேல போர்வையா போட்டுட்டுப் போனா."

மூன்று போர்வை. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இவள் வார்டுக்கு வந்தபோது அந்த மூன்று போர்வையையும் பார்த்தாள். என்ன இது, மூட்டை மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க என்று வார்டு நர்ஸைக் கிண்டல்கூடப் பண்ணினாள். அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாளே ஒழிய, ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக் காதில் வைக்கத் தோன்றவில்லை. அதை இப்போது நினைக்க நேரமில்லை. அந்தத் தாளை ஃபைலிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு மாடிக்கு நடந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

படியேறும்போதே என்ன கேட்க வேண்டும் என்று வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வேண்டும். அவள் மட்டும் அன்றைக்குத் தியேட்டரில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? அன்றைக்கென்று பார்த்து அவளைக் கீழே கருத்தரங்கு அறைக்குப் போட்டிருந்தார்கள். ஐம்பது நர்ஸுகளுக்குப் பயிற்சி வகுப்பு. தலைப்பு என்ன என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும், வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பு. அறுவை நோயாளிகளின் உடல் சூட்டைப் பேணுதல். அவள் கீழே நின்று பேணுவது எப்படி என்று தொண்டை கிழியப் பாடம் நடத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில், மேலே இவர்கள் அவளுடைய சொந்த அக்காவை ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி வைத்துவிட்டு, முப்பத்தாறரை என்று ஏழு தடவை பூசி மெழுகியிருக்கிறார்கள்.

தியேட்டருக்கு வெளியே துணி அடுக்குகிற அறையில் சின்ன சிஸ்டர் மட்டும் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். செவ்வாய்க்கிழமை அக்காவின் ஆபரேஷனில் நின்றவள் அவள்தான், தாளின் அடியில் கையெழுத்தும் அவளுடையது. இவள் கதவைச் சாத்தினாள். தாளை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்தாள். வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள். இது என்ன ராசி எண்ணா, ஏழு தடவை எழுதினால் நல்லது நடக்குமா என்றாள். உன் அம்மா படுத்திருந்தால் இப்படி எழுதுவாயா என்றாள். கூட்டிப் பெருக்குகிறவரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தால்கூட எண்ணை மாற்றி மாற்றிப் போட்டிருப்பாரே, பொய் எழுதக்கூடத் துப்பில்லையா என்றாள். அந்தப் பெண் கையில் பிடித்த துணியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அளந்தியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு."

"அளக்கல சிஸ்டர்."

"ஏன் அளக்கல?"

"எதை வெச்சு அளக்கறது சிஸ்டர்?"

அந்தப் பெண் கண்ணைத் தூக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. மெதுவாக, பரீட்சைக்கு ஒப்பிக்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். தியேட்டரில் ஒழுங்காக வேலை செய்வது இரண்டு தெர்மாமீட்டர். வார்டிலிருப்பதெல்லாம் வாய்க்கு வந்ததைக் காட்டும் என்று சொல்லி, இரண்டையும் நீங்கள்தான் வகுப்புக்கு எடுத்துப்போனீர்கள். காற்றுப் போர்வைக்குச் சுடுகாற்று ஊதுகிற மெஷின் ஒன்று ரிப்பேருக்குப் போயிருக்கிறது, இருந்த ஒன்றையும் செய்து காட்ட வேண்டும் என்று நீங்கள்தான் தள்ளிக்கொண்டு போனீர்கள். மானிட்டரில் சூடு காட்டுகிற வயர் அறுந்து எட்டு மாதம் ஆகிறது. மயக்க டாக்டர் கேட்டார், இல்லை என்றேன், சரி ஆரம்பிப்போம் என்றார். சலைன் பாட்டிலை வெந்நீரில் போட்டுப் போட்டு எடுத்துக் கொடுத்தேன், என்னால் முடிந்தது அதுதான். உங்களுக்கு இரண்டு தடவை போன் பண்ணினேன்.

"அப்ப அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கலாமே, கழுதை."

"காலியா விட்டா கூப்பிட்டு நிக்க வெப்பீங்க. போன மாசம் நிக்க வெச்சீங்க சிஸ்டர், எல்லாரு முன்னாடியும். ஒரு கட்டம் விட்டுப்போச்சுன்னு."

கண்ணாடி போட்ட நாலு பேர் ஆய்வுக்கு வந்தது போன மாதம்தான். ஃபைல்களைப் புரட்டி, காலியான கட்டங்களை எண்ணி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போனார்கள். எழுதியிருந்த எண் உண்மையா என்று அந்த நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை. மறுநாள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, இனிமேல் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்றாள். அதற்கப்புறம் ஒரு கட்டமும் காலியாக இல்லை. எல்லாத் தாளும் நிறைந்து வந்தன. எவ்வளவு அழகாக வேலை செய்கிறார்கள் என்று அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அந்தத் தாள்களில் எத்தனை முப்பத்தாறரை இருந்தது? இப்போது யோசித்தால் எல்லாமே முப்பத்தாறரைதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது பொய். அது மறந்தே போயிருக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, அவள்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தாள். மெஷினை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும்போது அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணினார். நாளைக்கு என்றிருந்த ஆபரேஷனை இன்றைக்கே வைத்துக்கொள்கிறார்களாம், யாரோ வரவில்லையாம், நீ மேலே இருப்பாய்தானே என்று கேட்டார். எனக்கு வகுப்பு இருக்கு மாமா, நம்ம தியேட்டர்தானே, நம்ம ஆளுங்கதானே, கவலையே படாதீங்க என்றாள். ஒரு கையில் போன், இன்னொரு கை மெஷினின் மேல். அந்தக் கையின் அடியில் இருப்பது அக்காவுக்கு வேண்டியது என்று ஒரு நொடி தோன்றவும் தோன்றியது. ஒரு நாள்தானே என்று அந்தத் தோன்றலையும் தள்ளிக்கொண்டு போனாள். அப்புறம் போனைச் சத்தமில்லாமல் போட்டாள். வகுப்பில் ஒரு தடியனைப் படுக்க வைத்து, காற்றுப் போர்வையை விரித்து, மெஷினைப் போட்டுக் காட்டினாள். அவன் சுகமாகக் குறட்டையே விட்டுவிட்டான். ஐம்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. கோபம் இறங்க இடமில்லாமல் உடம்புக்குள்ளேயே சுற்றியது. அந்தப் பெண் மேலும் கோபம்தான், எழுதின கை அவளுடையதுதானே? தெர்மாமீட்டர் இல்லை என்று தெரிந்தும் ஆரம்பித்த டாக்டர் மேலும் கோபம். எட்டு மாதமாக ஒரு வயரை வாங்கித் தராத ஆபீஸ் மேலும், கட்டம் எண்ணிய நாலு கண்ணாடிகள் மேலும் கோபம். ஆனால் யாரைத் திட்ட ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் தானே வந்து நிற்பதைப் பார்த்தாள். அது தாங்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பதினோரு மணிக்கு மெஷினை ரெடியாக வை, தெர்மாமீட்டரையும் எடுத்து வை என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். படியிறங்குகிற அந்த இரண்டு நிமிஷமும் அதைத்தான் நினைத்தாள். சில பேருக்கு இப்படி ஆகும் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். மாமாவும் நம்பிவிட்டார். தாள் தன் பையில் இருக்கிறது. கிழித்துப்போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அக்கா ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போவாள், தங்கச்சி இருந்தாள், பார்த்துக்கொண்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவாள். அந்தப் பெருமையைக் காலத்துக்கும் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சொல்லிவிட்டாள். கட்டிலோரம் நின்றபடி, உட்காராமல், மெஷினையும் தெர்மாமீட்டரையும் வகுப்புக்கு எடுத்துப்போனதையும், போனில் மாமாவிடம் சொன்னதையும், காலியாக விடாதே என்று மிரட்டியதையும், அதனால்தான் ரத்தம் நிற்காமல் போயிருக்கலாம் என்பதையும் சொன்னாள். போயிருக்கலாம் என்ற இடத்தில் குரல் கொஞ்சம் பதுங்கியது. அக்கா கடைசிவரை குறுக்கே பேசவில்லை. பிள்ளைகள் பொய் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிற அதே பார்வை. சின்ன வயதிலிருந்து அந்தப் பார்வைக்குப் பயந்தவள் இவள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"பாடம் நல்லா நடத்தினியா?"

"நடத்தினேன்."

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்கக்கா."

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமா என்றால் பதில் இல்லை, வலிக்கிறதா என்றால் பதில் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ரெண்டு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை.

பத்தே முக்காலுக்கு மேலே கொண்டுபோனார்கள். தியேட்டருக்கு முன்னால் இருக்கிற காத்திருப்பு அறையில் இவளே தெர்மாமீட்டரை அக்காவின் காதில் வைத்தாள். முப்பத்தைந்து புள்ளி நாலு. மறு காதில் வைத்தாள். அதுவும் அதே. இவ்வளவு ரத்தம் போன உடம்பு, காலையிலிருந்து ஒரு மெல்லிய கவுனில் கிடக்கிறது, வேறு எப்படி இருக்கும்? காற்றுப் போர்வையை விரித்து மெஷினைப் போட்டாள். போர்வை உப்பி அக்காவின் கழுத்துவரை எழுந்தது. டாக்டரம்மா கை கழுவப் போகும் வழியில் எட்டிப் பார்த்து, என்ன சிஸ்டர், உள்ளே தள்ளுங்க என்றார். அடுத்த கேஸ் பன்னிரண்டுக்கு நிற்கிறது, பத்து நிமிஷ வேலை, கட்டியை எடுத்துவிட்டுத் தைக்கப்போகிறோம், உள்ளே போய்ச் சூடு பண்ணிக்கொள்ளலாம் என்றார். மயக்க டாக்டர் பக்கத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தாறு வரட்டும் மேடம். வராம கட்டிலை நகர்த்த மாட்டேன்."

"உங்க அக்காங்கிறதால பேசறீங்களா?"

"முந்தாநாளும் என் அக்காதான் மேடம். அன்னிக்குப் பேச நான் இங்க இல்ல. முப்பத்தாறு இல்லாம திறந்ததாலதான் இன்னிக்கு மறுபடி திறக்கறோம். தாள் என் பையில இருக்கு. மேல வரைக்கும் எழுதப்போறேன், என் பேரையும் சேர்த்துத்தான் எழுதப்போறேன்."

டாக்டரம்மாவின் முகம் கறுத்தது. மயக்க டாக்டர் செல்போனைப் பைக்குள் போட்டார். மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அரை மணி, அதற்கு மேல் ஒரு நிமிஷம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார். இருபத்திரண்டு வருஷத்தில் இவள் அந்த அம்மாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு கால் மணி கழித்து மறுபடி வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்து புள்ளி ஏழு. ஏறுகிறது. இன்னும் மூன்று புள்ளி. தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, உப்பிய போர்வைக்கு மேலே இருந்து அக்காவின் குரல் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பியதற்கு அப்புறம் முதல் குரல்.

"நீ உள்ள வராதே."

"அக்கா..."

"அந்தப் பொண்ணு நிக்கட்டும். அவ நீ சொன்னதைச் செஞ்சா. நீ எல்லாம் தெரிஞ்சவ." அக்கா மூச்சு வாங்கினாள். "உன் முகத்தைப் பார்த்துக்கிட்டே நான் தூங்க வேண்டாம். வெளிய போ."

சின்ன சிஸ்டர் பக்கத்தில்தான் நின்றாள். மயக்க டாக்டரும் நின்றார். எல்லோர் காதிலும் விழுந்தது. நோயாளி வேண்டாம் என்று சொன்னால் சொந்தக்காரர் தள்ளி நிற்க வேண்டும் என்பதும் அவள் ஒட்டிய விதிகளில் ஒன்றுதான். சட்டாம்பிள்ளை தன் கையிலிருந்த தெர்மாமீட்டரைச் சின்ன சிஸ்டரிடம் கொடுத்தாள். ஒழுங்கா பாரு என்று சொல்ல வாய் வந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? வெளியே வந்தாள்.

நோயாளிகளின் ஆட்கள் உட்காருகிற நீள பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் பதறி எழுந்து, நீ ஏம்மா வெளியே வந்துட்டே, நீ உள்ளே இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்குமே என்றார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உட்காருங்க மாமா என்றாள். அவர் உட்கார்ந்தார். இவள் கதவுக்கு எதிரில் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். கால் மணியில் மூன்று புள்ளி ஏறியிருக்கிறது, இன்னும் கால் மணியில் இன்னும் மூன்று ஏறலாம். ஏறாமலும் போகலாம். டாக்டரம்மா கையுறை போட்டு நின்றிருப்பார். அடுத்த கேஸ்காரர்கள் நடைபாதையில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே இருக்கிற எல்லோருக்கும் அவசரம். எல்லோருக்கும் அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரியும். அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

பதினொன்று இருபதுக்குக் கதவு பாதி திறந்தது. சின்ன சிஸ்டர் முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் நீட்டினாள்.

"முப்பத்தாறு புள்ளி ஒண்ணு சிஸ்டர். ஆரம்பிக்கறாங்க."

இவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். அவற்றில் பயம் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கண்களில் ஒன்றரை வருஷமாக அந்தப் பயம் இருக்கிறது, உண்மை சொல்லும்போதும் இருந்தது, ஏழு கட்டம் நிரப்பும்போதும் இருந்திருக்கும். நிஜமாவா என்று கேட்கலாம். ஆமாம் என்றுதான் சொல்வாள். என்ன கேட்டாலும் ஆமாம் சிஸ்டர் என்று சொல்லத்தானே அவளைப் பழக்கினார்கள்?

"நல்லதும்மா, நல்லதும்மா" என்று பின்னாலிருந்து மாமா கை கூப்பினார்.

கதவு மூடியது. இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு அது. ஒரு தடவை வெளியே வந்தது, ஒரு தடவை உள்ளே போனது, அப்புறம் நின்றுவிட்டது. அவள் அதைத் தள்ளுவதற்குக் கையை வைத்தாள். கை கதவின் மேலேயே இருந்தது.